ஸ்டென்ட் டெண்டரில் மைக்ரான் மட்டும் போதாது

சென்னை அரசு மருத்துவமனைகளுக்கு ஸ்டென்ட் வாங்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். அடைபட்ட இதயக் குழாயை விரித்துத் தாங்கும் உலோக வலைக்குழாய்தான் ஸ்டென்ட். அதன் வலைக் கம்பியின் தடிமன் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற ஒற்றை எண்ணை வைத்து ஸ்டென்டின் தரத்தை முடிவு செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

கம்பி மெலிவது நல்லதுதான். 2001இல் வெளியான ஐசார்-ஸ்டீரியோ ஆய்வில், 50 மைக்ரான் ஸ்டென்ட் வைத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும் 140 மைக்ரான் வைத்தவர்களில் 25.8 சதவீதத்தினருக்கும் மறுபடி அடைப்பு வந்தது. முன்பு ஸ்டென்ட் செய்யப் பயன்பட்ட 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலைவிட வலுவான எல்605 என்ற கோபால்ட்-குரோமியம் கலவை, 80 மைக்ரானும் பிறகு 60 மைக்ரானும் கொண்ட ஸ்டென்ட்கள் வர உதவியது.

ஆனால் அந்த வலுவுக்கு ஒரு விலை உண்டு. ஸ்டென்டை உள்ளிருந்து விரித்த பலூனைச் சுருக்கியதும் உலோகம் கொஞ்சம் பின்வாங்கும். கேத் லேபில், அதாவது இதயக் குழாய்ச் சிகிச்சை அறையில், இதை ரீகாயில் என்பார்கள். யீல்டு வலிமையை (உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) யங் குணகத்தால் (உலோகத்தின் விறைப்பு அளவு) வகுத்தால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ரீகாயிலும் கூடும். எல்605-க்கு அந்த எண் 316எல்-ஐவிடப் பெரிது. 3 மி.மீ. ஸ்டென்ட் 5 சதவீதம் சுருங்கினால் 2.85 மி.மீ. ஆகிவிடும், ரத்தம் ஓடும் பரப்பில் ஏறத்தாழ 10 சதவீதம் போயிற்று. சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கும், கால்சியம் இறுகிய குழாயில் இழப்பு இன்னும் கூடும்.

மெலிந்த கம்பியை வடிவமைப்பாளர் அகலத்தால் ஈடுகட்டுகிறார். ஸ்டென்ட் என்பது வரிசையாக இணைத்த நெளிநெளியான வளையங்கள். அது விரிவதும் நசுங்குவதும் அந்த நெளிவின் வளைவுகளில்தான். அங்கே விறைப்பு, தடிமனுக்கு நேர் விகிதத்திலும் அகலத்தின் கனத்துக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பவும் மாறும். 80 மைக்ரானை 60 ஆக்கினால் கால் பங்கு விறைப்பு போகும். அகலத்தை 10 சதவீதம் கூட்டினாலே அது திரும்பிவிடும். எனவே இரண்டு '60 மைக்ரான்' ஸ்டென்ட்கள் ஒன்றல்ல. அகலம் கூடினால் குழாய்ச் சுவரை மூடும் உலோகமும் கூடும், விரிக்கும்போது வளைவின் ஓரத்தில் இழுவிசைத் திரிபும் கூடும்.

இதயத்தின் பெரிய ரத்தக்குழாயான இடது பிரதானத் தமனியில் 3 மி.மீ. ஸ்டென்டை 4.5 வரை பெரிதாக்கும்போது இதன் விளைவு தெரியும். வளைவுகள் நீண்டு நிமிர்ந்துவிட்டால் அதற்கு மேல் விரிய இடமில்லை. கம்பி அறுந்துபோகலாம், மருந்துப் பூச்சு வெடிக்கலாம். ஒரே அடிப்படை வடிவமைப்பை எந்தெந்த அளவு ஸ்டென்ட்களுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பெட்டியின் மேல் இது இருக்காது.

வளையங்களை இணைக்கும் கம்பிகள் இரண்டாகக் குறைந்தால் ஸ்டென்ட் வளைந்த பாதையில் எளிதாகப் போகும். ஆனால் கைடு கதீட்டர் (கருவிகளை இதயக் குழாய்வரை கொண்டுசெல்லும் குழல்) முனையோ அடுத்த பலூனோ இடித்தால் அதன் விளிம்பு நீளவாக்கில் கசங்கிவிடலாம்.

ஆகவே டெண்டர் ஆவணத்தில் இவற்றைக் கட்டாயமாக்குங்கள்: ஏஎஸ்டிஎம் என்ற சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் எஃப்2079 சோதனை முறைப்படி ரீகாயில், அதே அமைப்பின் எஃப்3067 வழிகாட்டுதல்படி ஆரத் திசையில் தாங்கும் வலு, நீளவாக்கு அமுக்கத்தில் சுருங்கும் அளவு, ஒவ்வொரு அடிப்படை வடிவமைப்புக்கும் அதிகபட்ச விரிவு எல்லை, கம்பியின் தடிமனோடு அகலமும். சோதனை 37 டிகிரியில் நடந்ததா, எந்த அளவு ஸ்டென்டில் நடந்தது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். 2.5 மி.மீ. ஸ்டென்டில் எடுத்த எண்ணை 4 மி.மீ.க்குக் காட்டினால் ஏற்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்டென்ட் சோதனைப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை