வாயேஜர் வழக்கு ஏற்காட்டுக்கு மாற்றம்

நண்பர்களே, நாசா வாயேஜர் 1 விண்கலத்தைத் தொலைவிலிருந்தே பழுதுபார்த்ததைச் செயற்கை நுண்ணறிவு எளிதில் முடித்திருக்குமா என்ற நம் வாக்குவாதம் நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் ஞாயிறு காலை 10 மணிக்கு, ஏற்காடு ஏரிக்கரைக்கு ஒத்திவைக்கிறேன்.

அதுவரை அசைபோட: 1977இல் ஏவிய அந்த விண்கலம் 2023 நவம்பரில் பூமிக்குப் புரியாத தரவை அனுப்பி உளறத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுது. அதிலிருந்த நிரல் முழுவதையும் ஒன்றாக வைக்க வேறெங்கும் இடமில்லை. நாசா பொறியாளர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி, நினைவகத்தில் கிடைத்த சந்துகளில் செருகினார்கள். அப்போது கட்டளை போய்ச்சேரவே 22.5 மணி நேரம், பதில் வர இன்னொரு 22.5. இங்கே சிலர் வெள்ளி மாலை சோதிக்காமலே நிரலை ஏற்றிவிட்டுப் பஸ் பிடிக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

“செயற்கை நுண்ணறிவு ஐந்தே நிமிடத்தில் முடித்திருக்கும்” என்று எழுதியவரே தட்டுவடை செட்டுக்குப் பொறுப்பு. சட்னியைத் தனியாகக் கட்டி வாங்கவும், மலையேறுவதற்குள் ஊறிவிடும்.