ஏலகிரிக்குக் கிளம்புமுன்

பெரம்பூர், சென்னை
ஜனவரி 4

அன்புள்ள ரகு,

முழங்கால் வலி தீர்ந்து மறுபடி சைக்கிளை எடுத்துவிட்டாய் என்று படித்ததில் எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா! பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க வந்துவிட்டு, அப்படியே ஏலகிரிக்குத் தனியாக ஏறி, ஒரு ராத்திரி டென்ட்டில் தங்கிவர வேண்டும் என்கிறாய். தாராளமாகப் போ. மழை ஓய்ந்த தை மாதம்தான் அதற்கு ஏற்றது. ஆனால் நீ கேட்டதெல்லாம் ஏற்றத்தைப் பற்றி. எனக்கோ உன் பின் சக்கரமும் இறக்கமும்தான் கவலை.

ஏற்றத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜோலார்பேட்டை வரை ரயில். சைக்கிளை சென்ட்ரல் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே புக் செய். பெடல்களைக் கழற்றிவிடு. இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். கேஸ் சிலிண்டரும் ஸ்பிரிட்டும் ரயிலில் கூடாது, ஆகவே அடுப்பு வேண்டாம். மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 650 மீட்டர் உயரம். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 34 பல் என்றால் மிதியின் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. மூட்டையோடு மணிக்கணக்கில் அந்த வேகம் உன் முழங்காலுக்கு ஆகாது. முன்னால் 22 பல் போட்டால் அதே மிதிக்கு 5 கி.மீ.தான், அது போதும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நம் பாதைதான் உள்வட்டம், அங்கே சரிவும் அதிகம். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடு. அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் நழுவும்.

இப்போது பின் சக்கரம். கியர் வண்டியில் பல்சக்கரத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்க ஸ்போக்ஸ் கம்பிகள் இடப்பக்கத்தைவிட அதிக இழுப்பில் நிற்கும். கம்பி முறிவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், அதுவும் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில். பாரத்தால் நேரே அறுந்துவிடுவதில்லை. தளர்ந்த கம்பி சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து இழுபட்டு, அந்த வளைவு கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகிறது. அதனால் சக்கரத்தைக் கோட்டம் நிமிர்த்தக் கடையில் கொடுக்கும்போது சக்கரம் நேராக ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதே. வலப்பக்கக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கு, எல்லாம் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். வழியில் ஒன்று முறிந்தால் ரிம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு பிரேக்கில் உரசும். முறிந்ததற்கு இருபுறமும் இருக்கும் இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தினால் ஊர் சேரும் அளவுக்கு நிமிரும். இரண்டு பக்க அளவிலும் இரண்டிரண்டு கம்பி எடுத்துக்கொள். வலப்பக்கத்துக்கானது சற்றுக் குட்டை, கலந்துவிடாதே.

கேரியர் போல்ட்டுகள் குலுக்கலில் கழன்றுகொண்டே இருக்கும். கிளம்புமுன் ஒருமுறை, ரயிலை விட்டு இறங்கியதும் ஒருமுறை இறுக்கு. தண்ணீர், பூட்டு, கருவி எல்லாம் பையின் அடியில், அச்சுக்குப் பக்கத்தில். டென்ட்டை கேரியர் மேல் உயரமாகக் கட்டினால் இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்கும்.

இறக்கத்தில் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்தபடி வராதே. சூடு ரிம்மில் ஏறி டியூப் வெடித்துவிடும். நேர்ப் பாதையில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, கையை எடு. இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடு. பிரேக் கட்டைகளில் பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் எடுத்துவிட்டுக் கிளம்பு. நம் சென்னையில் மேடு என்றால் மேம்பாலங்களும் பரங்கிமலையும்தானே, மூட்டை முழுவதையும் கட்டிப் பரங்கிமலையில் நாலு முறை ஏறி இறங்கிப் பார். தளர்ந்தது, நடுங்குவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

பஞ்சருக்கு ஒரு சொல்தான். கருவேல முள்ளைப் பிடுங்காமல் டியூபை மட்டும் மாற்றினால் ஐந்தாவது நிமிடம் மறுபடி இறங்கும். டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார், முள் இருந்தால் நூல் சிக்கும்.

தங்குமிடத்தை முன்னாலேயே பேசி முடித்துவிடு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் டென்ட் போடுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீக்கு அத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகு நெருப்பு விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். மலைமேல் அத்தனாவூர்ப் பக்கம் பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டுப் போடு. பள்ளத்தில் போடாதே, ராத்திரி குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். மேட்டில் லேசாகச் சரிந்த இடம் நல்லது, தலை மேல்பக்கம் இருக்கட்டும். கீழே இருப்பதைவிட நாலு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள். குளிருக்குப் பயந்து டென்ட்டின் காற்றுத் திறப்புகளை மூடினால் மூச்சுக்காற்றே உள்துணியில் நீராகப் படிந்து, விடிவதற்குள் போர்வை நனைந்துவிடும்.

சாப்பாடு அத்தனாவூரிலேயே வாங்கிவிடலாம். காலைக்கு 150 கிராம் அவல், 50 கிராம் வெல்லம், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறினால் போதும். ஏறும்போது மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், கொண்டுபோகும் மொத்தத் தண்ணீரில் ஒரு லிட்டராவது உப்புச்சர்க்கரைக் கரைசலாக இருக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். வலப்பக்கக் கம்பி மாற்ற வேண்டுமென்றால் முதலில் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். உன் வண்டியில் இருப்பது ஃபிரீவீலா (ஹப்பில் மரையால் திருகியது), கேசட்டா (ஹப்பில் செருகி இறுக்கியது) என்று பார்த்து உடனே எழுது. அதற்கேற்ற ரிமூவரை, அதாவது கழற்றும் கருவியை, இங்கே வாங்கி வைக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி