‘ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறோம்’: இந்த வாக்குமூலம் செல்லுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘போலீஸ் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அடித்து வாங்கும் வாக்குமூலம் பற்றி விவாதம் நடக்கிறது. ஆசை காட்டி வாங்குவது பற்றிப் பேச்சே இல்லை. “ஒத்துக்கோ, ஜாமீனுக்கு ஆட்சேபம் சொல்ல மாட்டோம்”, “சின்ன செக்‌ஷன்ல முடிச்சுடறோம்”, “உன்னை அப்ரூவராக்கிடலாம்” (அதாவது, மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாவது). அடி விழுந்தால் காயச் சான்றிதழாவது இருக்கும். இந்தப் பேச்சுக்குத் தடயமே கிடையாது.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 22ஆவது பிரிவு (1872ஆம் ஆண்டுப் பழைய சாட்சியச் சட்டத்தில் 24) இத்தகைய வாக்குமூலத்தை ஒதுக்கச் சொல்கிறது. அதற்கு, வாக்குறுதி அதிகாரத்தில் உள்ளவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். அந்த வழக்கைப் பற்றியதாக இருக்க வேண்டும். சொன்னால் வழக்கில் ஏதோ சலுகை கிடைக்கும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் நம்ப நியாயமான காரணமாகவும் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை அவருடைய நிலையிலிருந்துதான் பார்க்க வேண்டும். “உண்மையைச் சொன்னால் மனபாரம் குறையும்” என்பது இதில் சேராது. “உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான்” என்ற பொய்யோ, “வெளியே சொல்ல மாட்டோம்” என்ற ரகசிய உறுதியோ மட்டும் இருந்தால் வாக்குமூலம் செல்லாமல் போகாது. பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தை 23ஆவது பிரிவே தடுக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். ஆனால் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவுசெய்யும்போது, ஸ்டேஷனில் போலீஸ் கொடுத்த வாக்குறுதியும் அந்த ஆளோடு வந்து நிற்கிறது. போலீஸ் அதிகாரியாகக் கருதப்படாத சுங்க அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்துக்கோ 23ஆவது பிரிவின் தடை கிடையாது. 22ஆவது பிரிவுதான் காப்பு.

பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஆவது பிரிவின்படி, வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயமில்லை, கொடுத்தால் அது அவருக்கு எதிராகவே பயன்படலாம் என்று மாஜிஸ்திரேட் எச்சரிக்க வேண்டும். கேள்வி கேட்டு, தானாக முன்வந்துதான் சொல்கிறார் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். யோசிக்கப் பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரம் தருவது நியாயம் என்று 1957இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் “யாராவது கட்டாயப்படுத்தினார்களா?” என்று மட்டும் கேட்டால், “இல்லை” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. ஆசை காட்டியதை அவர் கட்டாயமாக நினைக்கவே இல்லை. “இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? அப்படி யார் சொன்னார்?” என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

கூடவே, ஜாமீன் கொடுப்பது நீதிமன்றம், அப்ரூவருக்கு மன்னிப்பு வழங்குவதும் நீதிமன்றம், போலீஸ் அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாக்குமூலம் தர மறுத்தால் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதையும் அவர் காதில் போட வேண்டும். வாக்குறுதி ஏற்படுத்திய எண்ணம் முழுவதும் நீங்கிய பிறகு தரும் வாக்குமூலம் செல்லும் என்பதால், இதில் அரசுத் தரப்புக்கும் நஷ்டமில்லை.

வழக்கறிஞர்களும் உறவினர்களும் நீதிமன்ற விசாரணை தொடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. என்ன வாக்குறுதி, யார் கொடுத்தது, எப்போது என்பதை ரிமாண்டுக்குக் கொண்டுவரும் முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, மனுவாகவும் தாக்கல் செய்துவிட வேண்டும். மாதங்கள் கழித்து வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றால், ‘இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்