அது ராசே தீவு அம்மாளின் ரீல்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஐரோப்பிய நாட்டார் வயலின் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ‘மிஸ் மெக்லவுட்ஸ் ரீல்’ (ரீல் என்றால் வேகமான ஆட்ட மெட்டு) ஐரிஷ் மெட்டு என்றும், மிஸ் மெக்லவுட் என்ற பெண்மணியே இயற்றியது என்றும் எழுதியிருப்பது சரியில்லை.

ஸ்காட்லாந்தில் அதன் பெயர் ‘மிஸஸ் மெக்லவுட் ஆஃப் ராசே’. ஸ்காட்லாந்து வயலின் கலைஞர் நீல் கௌ இறந்து இரண்டு வருடம் கழித்து, 1809-இல், கௌ குடும்பத்தாரின் ஐந்தாம் தொகுப்பில் அது அச்சேறியது. ஸ்கை தீவின் அசல் ரீல் இது, திரு. மெக்லவுட் தந்தது என்று அங்கேயே குறிப்பும் இருக்கிறது. இந்தக் குறிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் மெட்டுகளைப் பெயர் சொல்லாமல் போட்டுக்கொண்டார்கள் என்று இன்னொரு ஸ்காட்லாந்து வயலின் கலைஞரான வில்லியம் மார்ஷலே மனம் வருந்திய குடும்பம் அது. அவர்களே ‘இது எங்களுடையது அல்ல’ என்று எழுதினால் நம்பத்தானே வேண்டும்?

மெட்டுக்குப் பெரிய வீட்டு அம்மாளின் பெயரை வைப்பது அந்தக் கால வழக்கம். அது மரியாதைக்கு வைத்த பெயர், இயற்றியவர் பெயர் அல்ல. ராசே, ஸ்கைக்குப் பக்கத்திலேயே கிடக்கும் சின்னத் தீவு. 1773-இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் அவர் நண்பர் பாஸ்வெல்லும் அங்கே தங்கியபோது, வந்த அன்று இரவே ஒரு ஃபிடில்காரர் வந்து நின்றார், வீட்டுக்காரரே இறங்கி ஆடினார் என்று பாஸ்வெல் எழுதியிருக்கிறார். வயலினும் ஆட்டமும் ஊறிய வீடு!

வாசித்துப் பார்த்தால் இன்னும் புரியும். நம் கணக்கில் சங்கராபரண ஸ்வரங்கள்தான். ‘ச,கச பசகச’ என்று ஆரம்பிக்கும். காந்தாரம் போனாலும் பஞ்சமம் போனாலும் வில் உடனே ஷட்ஜத்துக்கு ஓடி வந்துவிடும். அடுத்து ‘க,கரி கமகரி’. அப்புறம் மறுபடியும் முதல் வரி. ஆடுகிறவர் அடுத்த அடியைத் தேடவே வேண்டாம். காலுக்காகவே கட்டிய மெட்டு.

அயர்லாந்து போனதும் மிஸஸ், மிஸ் ஆனார். அமெரிக்க மலைநாட்டில் அந்தப் பெயரும் உதிர்ந்து ‘ஹாப் ஹை லேடீஸ்’ ஆகிவிட்டது. ஐரிஷ்காரர்கள் அருமையாக வாசிக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிறந்த ஊரைச் சொல்லும்போது ஸ்கையைச் சொல்லுங்கள். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
வயலின் பழகும் வாசகர்,
மதுரை.