தண்டையார்பேட்டைத் தங்கைக்கு: அம்மாவின் மாத்திரையை நீயாக நிறுத்தாதே

அன்புத் தங்கைக்கு,

அம்மாவுக்கு மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்து ஆறு நாள் ஆகிறது. குமட்டுகிறது, காலையில் எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது, படபடப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. பெரியம்மா வேறு, "கீழ்ப்பாக்கம் மாத்திரைடி அது, தூக்கிப் போடு" என்கிறார். நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

நீயாக நிறுத்தாதே. அதே சமயம், சீட்டில் எழுதியிருக்கும் அடுத்த தேதிவரை காத்திருக்கவும் வேண்டாம். அம்மாவுக்கு வயது 66, பிபி மாத்திரையும் சாப்பிடுகிறார், முட்டிவலிக்கு அவ்வப்போது மெடிக்கலில் ஏதோ வாங்கிப் போட்டுக்கொள்கிறார் என்று நீ போகிறபோக்கில் எழுதிய வரிதான் எங்களுக்குக் கவலை தந்தது. இந்த மாத்திரை தனியாக இருக்கும்போது பெரும்பாலும் சாது. சேரும் கூட்டாளிகளைப் பொறுத்துத்தான் வம்பு வருகிறது.

முதலில் அட்டையை எடுத்துப் பார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படி. நீ சொன்ன விவரப்படி அதில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன: எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. ஒரே மாத்திரைக்குள் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சுபாவம் கொண்டவை. குளோனசெபாம் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் தூக்கம் வரும், பதற்றம் அடங்கும். எஸ்சிட்டலோபிராம் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூடப் பிடிக்கும். பக்கவிளைவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, முதல் நாளே வந்துவிடும். அதனால்தான் முதல் பத்து நாள் நஷ்டக் கணக்காகவே தெரிகிறது. நிறையப் பேர் விட்டுவிடுவதும் அந்தப் பத்து நாளில்தான்.

குமட்டலுக்குக் காரணம் எளிது. இந்த மருந்து செரட்டோனின் என்ற பொருளின் அளவைக் கூட்டுகிறது. உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பங்கு மூளையில் கிடையாது, குடலில் இருக்கிறது. ஆகவே முதலில் கலங்குவது வயிறு. சாப்பிட்ட பிறகு கொடு. இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்கட்டும். ஒரு வாரம், பத்து நாளில் தானே தணியும். லேசான தலைவலி, பேதி, வியர்வை, கொட்டாவி, படபடப்பு எல்லாம் இதே கணக்குத்தான். எஸ்சிட்டலோபிராம் தனி மாத்திரையாக இருந்தால், தூக்கம் கெடுகிறவர்களுக்குக் காலையிலும் தூங்கி வழிகிறவர்களுக்கு இரவிலும் மாற்றிக் கொடுக்கலாம். அம்மாவுடையதில் குளோனசெபாம் கலந்திருப்பதால் அது இரவில்தான்.

வயதானவர்களுக்கு வழக்கமாக 5 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 10-க்கு ஏற்றுவார்கள். 65-ஐத் தாண்டியவர்களுக்கு 10 மி.கி.தான் உச்ச அளவு. அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் ஆபத்து கூடும். "குறைந்த அளவில் தொடங்கலாமா?" என்று டாக்டரிடம் கேள். தவறாக நினைக்க மாட்டார்.

இனி, அந்தக் கிறுகிறுப்பு. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சாதாரணமானது குளோனசெபாம்: அதன் மயக்கம் மறுநாள் காலைவரை நீளும். உங்கள் தெருவில் விடியற்காலையில் அடிபம்பிலோ மெட்ரோ வாட்டர் லாரியிலோ தண்ணீர் பிடிக்கிற வேலை அம்மாவுடையது என்றால், இப்போதைக்கு அதை வேறு யாராவது பாருங்கள். நிறைகுடத்தோடு செங்குத்தான படியேறி இடுப்பெலும்பு உடைந்தால், மனச்சோர்வைவிட அது பெரிய தொல்லை. இரவு பாத்ரூம் போகும்போது விளக்கு எரியட்டும். படுக்கையிலிருந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழட்டும்.

இரண்டாவது காரணம், ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைவது. இதைத்தான் வீடுகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த வகை மாத்திரை சில முதியவர்களின் சிறுநீரகத்தைத் தண்ணீரைப் பிடித்துவைக்கச் செய்கிறது. ரத்தத்தில் தண்ணீர் கூடக்கூட உப்பு நீர்த்துப்போகிறது. பிபி மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று ஒன்று சேர்ந்திருந்தால், அது இன்னொரு பக்கம் சோடியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளுகிறது. இரண்டும் கைகோத்தால் அளவு மளமளவென்று இறங்கும். பிபி அட்டையைத் திருப்பிப் பார்: டெல்மிசார்ட்டான் 40 மி.கி. என்று மட்டும் இருந்தால் நிம்மதி. கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்றோ, குளோர்தாலிடோன் என்றோ இருந்தால், அல்லது பெயருக்குப் பின்னால் ஒற்றையாக ஓர் 'எச்' ஒட்டிக்கொண்டிருந்தால், டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

ரத்தப் பரிசோதனை செய்யுமிடத்தில் எலக்ட்ரோலைட்ஸ் என்று கேட்டால் சோடியம் அளவைப் பார்த்துச் சொல்வார்கள். 135-லிருந்து 145 வரை சரியான அளவு. 130-க்குக் கீழே போனால் அன்றைக்கே டாக்டர். 125-க்குக் கீழே என்றால் நேரே அவசரப் பிரிவு. பெரும்பாலும் முதல் நான்கு வாரத்துக்குள் இறங்குவதால், மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை பார்ப்பது நல்லது. அம்மாவுக்குக் கிறுகிறுப்பு இருப்பதால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். தலைவலி, கால் பிடிப்பு, தள்ளாட்டம், சொன்னதையே திரும்பச் சொல்வது, நாள் கிழமை குழம்புவது எல்லாம் இதன் அறிகுறிகள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ 108. உப்புக்கரைசலை நீயாகக் கலக்கிக் கொடுக்காதே, பிபி இருக்கிறது. வெயில் என்று சொல்லிச் சொம்பு சொம்பாகத் தண்ணீரும் ஊற்றாதே. அது இன்னும் நீர்க்கச் செய்யும்.

முட்டிவலி மாத்திரைக்கு வருவோம். டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் வகைகளோடு எஸ்சிட்டலோபிராம் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. காயத்தில் ரத்தம் உறைய, தட்டணுக்களுக்குச் செரட்டோனின் வேண்டும். இந்த மருந்து அது உள்ளே போகும் வழியை அடைத்துவிடுகிறது. வலிமாத்திரையோ இரைப்பைச் சுவரைப் புண்ணாக்குகிறது. இதயத்துக்கென்று ஆஸ்பிரின் 75-ம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அதுதான் அறிகுறி, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாதவரை. வலிக்குப் பாராசிட்டமால் போதும்: 500 மி.கி. ஒவ்வொரு வேளைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நாலு. ஈரல் நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்.

"கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்டு வாங்குகிற வலிமாத்திரையில் டிரமடால் இருக்கலாம். அது கூடவே கூடாத கூட்டாளி. இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருந்தால் அதுவும் அப்படியே. வீட்டிலோ உறவிலோ மருந்துக்கு அடங்காத டிபிக்கு ஓட்டேரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறவர்கள் இருந்தால், அதற்குக் கொடுக்கும் லினசோலிட் என்ற மருந்தின் பெயரை அவர்களுக்கும் சொல்லிவை. அதை எழுதுகிற டாக்டரிடம் மனநல மாத்திரை பற்றிச் சொல்லாமல் இருக்கக் கூடாது. இவையெல்லாம் செரட்டோனினை அளவு மீறிக் கூட்டுபவை. நடுக்கம், கொட்டுகிற வியர்வை, பேதி, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது, காய்ச்சல், நிலைகொள்ளாத தவிப்பு எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அப்போது அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எல்லா அட்டையையும் எடுத்துக்கொண்டு. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று அமிட்ரிப்டிலின் 10 கொடுத்திருந்தால், அதையும் சொல். அதுவும் ஒரு மனச்சோர்வு மருந்துதான், வேறு வேலைக்காக எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே ஒரு மஞ்சப்பையை எடு. பிபி, சர்க்கரை, முட்டிவலி, இருமல், வாயு, சித்த மருந்துச் சூரணம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அரை அட்டை, அத்தனையையும் அதில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டு. ஓபி வரிசையில் கிடைக்கும் மூன்று நிமிஷத்தில் வாயால் சொல்லி முடியாது; அட்டையைப் பார்த்தால் அவருக்குப் பத்து நொடி. பிபிக்கு ஒரு டாக்டர், முட்டிக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர் என்று போகும் வீட்டில் மூன்று சீட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் நீ ஒருத்திதான்.

நிறுத்துவது பற்றி. உண்மையைச் சொன்னால், ஆறு நாளில் நிறுத்தினால் உடம்புக்குப் பெரிய கேடு வராது. ஆனால் இந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்பது தெரியாமலேயே போகும். அடுத்த முறை "அது எனக்கு ஒத்துக்கலை" என்று அம்மா சொல்லிவிடுவார். இரண்டு மாதம் ஆன பிறகு திடீரென்று நிறுத்துவது வேறு கதை. இரண்டு, மூன்று நாளில் தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் ஒரு வெட்டு, தலைசுற்றல், எரிச்சல், விசித்திரக் கனவு, ஜுரம் வருகிற மாதிரி உடம்புவலி எல்லாம் வரும். இதைப் பார்த்து 'அடிமையாகிவிட்டார்' என்பார்கள். எஸ்சிட்டலோபிராமுக்கு ஏங்க வைக்கும் குணம் கிடையாது. மூளை பழகிப்போனது, மாற அவகாசம் கேட்கிறது, அவ்வளவே. குளோனசெபாமை அப்படி விட்டுவிட முடியாது. அது நிஜமாகவே பழக்கமாகும், வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் போகும்போது டாக்டரிடம் இதைக் கேட்டு வா: "இந்தக் கலவை மாத்திரை எத்தனை வாரத்துக்கு? எப்போது தனி எஸ்சிட்டலோபிராமுக்கு மாற்றுவீர்கள்?" இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை.

குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். முன்பும் வந்திருந்தால் இன்னும் நீளும். இறக்கும்போது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இறக்க வேண்டும். 10-லிருந்து 5-க்கு வருவது பலருக்குச் சுலபமாக முடியும். 5-லிருந்து பூஜ்யத்துக்குப் போவதில்தான் தடுமாறுகிறார்கள். சிறிய அளவே மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுவதால், கடைசிப் படிதான் உயரம். நிறுத்திய சில நாளில் வருவது பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம். வாரங்கள், மாதங்கள் கழித்து அழுகையும் பசியின்மையும் மெல்ல வந்தால் நோய் திரும்புகிறது என்று பொருள்.

ஒரு வேளை மறந்தால், அன்றைக்கே நினைவு வந்தால் கொடு. மறுநாள் நினைவு வந்தால் அந்த நாளுக்கு ஒன்றுதான், இரண்டாகக் கொடுக்காதே. மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே வாங்கப் போ. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு உபரி இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் எப்படி நின்றது என்று உனக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கேட்கச் சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உடம்பில் தெம்பு முதலில் வரும், மனசு பின்தங்கி நிற்கும். சாகணும் என்ற எண்ணம் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அது கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொடக்கத்தில் அந்த எண்ணமே கூடலாம். அம்மாவிடம் நேராகவே கேள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. ஆமாம் என்றால் மாத்திரை அட்டை உன் பீரோவில், சாவி உன்னிடம், தினம் ஒன்று மட்டும் கையில். அன்றைக்கே டாக்டர். இரவானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது, 104-லும் பேசலாம். நேர்மாறாக, அம்மா இரண்டு நாள் தூங்காமல் களைப்பே இல்லாமல் ஓடியாடி, நிறுத்தாமல் பேசி, கடன் வாங்கிச் செலவு செய்தால், "நல்லாயிட்டாங்க" என்று சந்தோஷப்படாதே. அதுவும் டாக்டருக்கு உடனே தெரிய வேண்டிய மாற்றம்.

பெரியம்மாவுக்கு: கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-லிருந்து வைத்தியம் பார்க்கிறது. அந்தப் பெயரை வசவாக்கியது நாம்தான்.

இப்படிக்கு,
மருந்துக் கவுன்ட்டருக்கு உள்பக்கம் நிற்பவர்கள்

பி.கு.: உதிரியாக வாங்கும்போது காலாவதித் தேதி அச்சடித்த முனையைக் கடைக்காரர் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிக் கொடுப்பார். தேதி உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உள்ள மேல் பரணில் மாத்திரை வைக்காதே, சித்திரையில் அங்கே அடுப்புக்கணக்காகக் கொதிக்கும். 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தரைப்பக்கம், நிழலான அலமாரியில், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வை.