எங்கள் கிளட்சை எங்களிடமே விடுங்கள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளை நடத்துவோருக்கும் அவற்றில் பயிற்றுநர்களாகப் பணியாற்றுவோருக்கும் வணக்கம்.

பெண்களுக்கு வண்டி ஓட்ட வராது என்ற பேச்சு உங்கள் பள்ளிகளில் எப்படிப் புழங்குகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அதைக் கேட்பவர்கள் நீங்கள், சொல்பவர்களும் உங்களில் சிலர். சென்ற வாரம் ஒரு பயிற்சி வண்டியின் பின்னிருக்கையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் கிளட்சைச் சட்டென்று விட்டதால் வண்டி உதறி நின்றது. "முதலில் எல்லோருக்கும் இப்படித்தான், மறுபடி எடுங்கள்" என்றார் பயிற்றுநர். அடுத்து அமர்ந்த பெண்ணுக்கும் அதே காரணத்தால் வண்டி நின்றது. "லேடீஸுக்குக் கிளட்ச் சரிப்பட்டு வராதும்மா, பேசாமல் ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றவர், தம் பக்கத்துப் பெடல்களில் காலை வைத்தார். வகுப்பு முடியும்வரை எடுக்கவில்லை.

அந்தச் சொல்லைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காலைத்தான் பொறுக்க முடியவில்லை. பயிற்றுநர் பக்கத்தில் தனிப் பெடல்கள் இருப்பது ஆபத்து நேரத்தில் வண்டியை நிறுத்துவதற்காக. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஓட்டுபவரின் பாதம்தான் உணர்ந்து பழக வேண்டும். வாயால் சொல்லிப் புரியவைக்கக்கூடிய பாடம் அல்ல அது. பக்கத்திலிருந்து நீங்களே மிதித்து, நீங்களே விடும்போது, அந்தப் பெண் முழுக் கட்டணமும் செலுத்திவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார். வண்டி அலுங்காமல் போவதால் தனக்கு ஓட்ட வந்துவிட்டதாகவும் நம்புகிறார். பின்பு உரிமம் கைக்கு வந்து, தனியாக ஓர் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டிய நாளில், வண்டி பின்னால் உருள்கிறது, பின்னிருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், எட்டிப் பார்த்தவர் "பெண்தானே" என்று முடிவு கட்டுகிறார். நீங்கள் கற்றுத்தராமல் விட்டதற்கு அவர் பெண்ணாய்ப் பிறந்தது பழியேற்கிறது. அதன்பின் அந்த உரிமம் பெரும்பாலும் அடையாள அட்டையாக மட்டுமே பயன்படுகிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஆபத்து இல்லாத நேரத்தில், பெண்கள் ஓட்டும்போதும் உங்கள் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வாய்ச்சொல்லால் என்ன கெட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2008இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்கள் ஓட்டுவதில் மட்டம் என்ற கருத்தை நினைவூட்டிய பின் நிஜ வண்டி ஓட்டுவதைப் போன்ற அனுபவத்தைத் திரையில் தரும் சிமுலேட்டர் கருவியில் அமர்த்தப்பட்ட பெண்கள், அவ்வாறு நினைவூட்டப்படாத பெண்களைவிட இரு மடங்குக்கும் மேலாகக் திரையில் குறுக்கே வந்த பாதசாரிகள் மீது மோதினார்கள். உங்கள் வாக்கு தன்னைத்தானே பலிக்கவைத்துக்கொள்ளும் வாக்கு.

கிளட்சுக்கு ஆண், பெண் தெரியுமா என்பதையும் சற்று யோசியுங்கள். 1981இல் இத்தாலியின் சான் ரெமோ ராலி கார்ப் பந்தயத்தை வென்று, அடுத்த ஆண்டு உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் பிடித்த பிரெஞ்சு வீராங்கனை மிஷேல் மூட்டோனிடம் ஆட்டோமேட்டிக் வாங்கச் சொல்ல உங்களில் ஒருவர் அப்போது அருகில் இல்லாதது அவருடைய நல்லூழ். காப்பீட்டு நிறுவனங்களையும் கேட்டுப் பார்க்கலாம். காசு விஷயத்தில் அவை கேலிப்பேச்சை நம்புவதில்லை. ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியத்தை மாற்றக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்பு 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வரும்வரை, அங்கே பல நிறுவனங்கள் இளம்பெண்களிடம் இளைஞர்களைவிடக் குறைந்த பிரீமியமே வாங்கின. சாலை விபத்துகளில் இறக்கும் ஆண்கள் பெண்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்கள் கூடுதலாக ஓட்டுவதும் அதற்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கைக் காட்டி எந்த இளைஞரிடமாவது "ஆண்களுக்கு வேகம் சரிப்பட்டு வராது, பேருந்தில் போங்கள்" என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் மன்னியுங்கள். பொறுமையாகக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் உங்களிடையே இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பள்ளி நடத்துவோர் தங்கள் பயிற்றுநர்களிடம் இதை ஒரு விதியாகவே சொல்லிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதையும் நெருக்கமான இடத்தில் ரிவர்ஸ் எடுப்பதையும் உங்கள் கால் படாமல் ஒவ்வொரு பெண்ணும் செய்துகாட்டிய பிறகே அவருடைய பயிற்சி முடிந்ததாகக் கையெழுத்திடுங்கள். அதற்குக் கூடுதல் வகுப்பு தேவையென்றால், கட்டணம் செலுத்தி வரவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
உங்களிடம் பயிலும் ஒரு பெண்