எங்கள் மாடிக்கு உறைபனி வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த தோட்டக் குறிப்பை மாடியில் நின்றுகொண்டே படித்தேன். குளிர்காலம் முடிகிறது, வசந்தத்துக்குத் தோட்டத்தைத் தயார் செய்யுங்கள், கடைசி உறைபனி போகும்வரை தக்காளி நாற்றை ஜன்னலோரமே வைத்திருங்கள், மரங்களைக் கவாத்து செய்யுங்கள், அதாவது கிளையை வெட்டிவிடுங்கள் என்று போட்டிருந்தது. இங்கிலாந்துக்காரருக்கு அது சரியான யோசனைதான். அங்கே பல ஊர்களில் ஏப்ரல், மே வரைக்கும் ராத்திரியில் உறைபனி விழும், பிஞ்சு நாற்று ஒரே ராத்திரியில் கருகிப்போகும். பழைய வண்ணாரப்பேட்டையில் இருப்பவள் என்ன செய்வது? தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் ஆயாவும் சொல்லும், ஆனால் அந்தப் பனி இலையை நனைப்பதோடு சரி.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு குறிப்பை (எதில் படித்தேன் என்பது வேண்டாம், விடுங்கள்) நம்பி மார்ச் கடைசியில் தக்காளி விதை போட்டவள் நான். செடி தளதளவென்று வந்தது, பூவும் வைத்தது, மே மாதம் தொட்டால் காம்போடு உதிர்ந்தது. பகலில் 38, 40 டிகிரி அடித்து ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் தக்காளி மகரந்தம் சோர்ந்துவிடும், பிஞ்சு பிடிக்காது. பன்னிரண்டு பையில் தேறியது ஒரு நாள் ரசத்துக்கு.

நாங்கள் மாசியில் செய்வதெல்லாம் அக்னி நட்சத்திரத்தை நினைத்துத்தான். வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, கீரை எல்லாம் இப்போது போட்டால்தான் வெயில் ஏறுவதற்குள் வேர் இறங்கும்.

அதற்கு முன்னால் மண். வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்த பிறகு குரோபேக்கை, அதுதான் செடி வளர்க்கிற பையை, பாருங்கள், மண் பாதிக்கு இறங்கியிருக்கும், தென்னை நார்க்கழிவு மக்கிக் களி மாதிரி அமுங்கியிருக்கும், சத்தெல்லாம் அடி ஓட்டை வழியாகத் தண்ணீரோடு போயிருக்கும். மொத்தத்தையும் ஒரு பழைய பேனரில் கொட்டி, கட்டியை உடைத்து, ஒரு வாரம் காயவிட வேண்டும். உள்ளே யார் குடியிருந்தது என்று அப்போதுதான் தெரியும். எனக்கு ஒரே பையில் ஏழு வெள்ளைப் புழு, சுண்டுவிரல் பருமனில், அரைவட்டமாகச் சுருண்டுகொண்டு. கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தேன், காக்கை பார்த்துக்கொண்டது. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, அந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி வேண்டாம். காய்ந்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய சாணமோ மண்புழு உரமோ, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, தண்ணீர் தெளித்து, பத்து நாள் சும்மா விடுவேன். அப்புறம்தான் விதை.

எந்தக் குறிப்பிலும் வராத சங்கதி ஒன்று இருக்கிறது, உப்பு. எங்கள் வீட்டு அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். கோடையில் வேறு வழியில்லாமல் அதையே ஊற்றினால் பை விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் தீய்ந்துபோகும். அந்த உப்பைக் கழுவிக் கொடுப்பது மழைதான். ஆக, வருடத்திலேயே எங்கள் மண்ணில் உப்பு குறைவாக இருப்பது தையிலும் மாசியிலும், சின்ன விதைக்கு உப்பு ஆகவே ஆகாது, இந்த நேரத்தில் போய் காத்திருங்கள் என்றால் எப்படி?

செடிக்குத் தண்ணீரில் கலந்து விடுகிற மீன் அமில உரத்துக்கும் இதுதான் மாதம். காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் கழிவு வாங்கி, கிலோவுக்குக் கிலோ வெல்லம் போட்டு, டப்பாவை இறுக மூடி நிழலில் 40 நாள் வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, கழிவும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அதனால் மாசியிலேயே ஊறப் போட்டுவிடுவேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிக்கு மேல் நான் விடுவதில்லை. மூடியைத் திறக்கும்போது மட்டும் பக்கத்து மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அனுபவம். பொங்கல் கரும்பின் சோகையை எறியாமல் வைத்திருந்தால் வெயிலில் மண் காயாமல் மேலே பரப்புகிற மூடாக்குக்கு ஆகும், நிழல்வலையைப் பங்குனி பாதிக்குள் கட்டிவிட வேண்டும்.

தோட்டக் குறிப்பை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை சார். தமிழ் மாதக் கணக்கில் போடுங்கள். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்காவே இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். முக்கியமாக அந்தக் கவாத்து விஷயத்துக்கு அடுத்த வாரமே ஒரு திருத்தம் வந்தால் நல்லது. எங்கள் தெருவில் நாலு வீட்டில் முருங்கை நிற்கிறது, இப்போதுதான் பூ வைத்திருக்கிறது, உங்கள் பேப்பரைப் படித்துவிட்டு எதிர்வீட்டு அண்ணன் அரிவாளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை